வழுக்கி விழுந்த இடம்

பனவடலிசத்திரம்
14.6.2024

ராஜகுமாரிக்கு அத்தை செண்பகவல்லி எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நன்றாக இல்லை என்று நீயே பதினோரு பக்கத்துக்கு மனு எழுதிச் சங்கரன்கோவில் கோர்ட்டில் போட்டிருக்கிறாய். அதை உன் புருஷன் ஆட்டுத் தொழுவத்தில் வீசியிருந்தான். எடுத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தேன். எதிர்மனுதாரர் என்று பேச்சிராஜ் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரைச் சேர்க்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வேன் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. ஏழாவது பத்தியில் “மாமியாரின் கண்ணெதிரே” என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு என் கண்ணை அதில் சேர்த்தாய்?

உன் விலாசம் மனுவில் இல்லை. வக்கீல் ஞானதீபத்தின் ஆபீஸ் விலாசம்தான் இருந்தது. அதற்கே அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். என் போனை அவன் தினமும் வாங்கிப் பார்க்கிறான். அது போகட்டும், போனில் பேசியதை நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். காகிதத்தில் எழுதியதைச் சொல்ல முடியாது.

போன ஆவணியில் நீ வீட்டை விட்டுப் போனபோது நான் ஆடுகளைப் பத்திக்கொண்டு கண்மாய்க்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பில் பருப்புச் சட்டி கருகிக் கிடக்கிறது. ஐந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். போகிறவள் அடுப்பை அணைத்துவிட்டாவது போயிருக்கலாம். ஊரில் என்னைப் பார்த்து, “என்ன சித்தி, மருமவள வெரட்டி விட்டுட்டீகளாமே?” என்று கேட்கிறார்கள். நான் யாரையும் விரட்டவில்லை.

இதுவரை நாலு வாய்தா ஆகிவிட்டது. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு வா. வர மனமில்லையென்றால், வழக்கை விட்டுவிட்டு அங்கேயே இரு. பதில் எழுதினால் சங்கரன்கோவிலில் ஷாஹின் பானு தையல் கடைக்கு எழுது. திங்கட்கிழமை கோவிலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன். அவள் நம்பத்தகுந்தவள். உன் கல்யாண ரவிக்கை தைத்தவள்தான்.

செண்பகவல்லி


பாளையங்கோட்டை
27.6.2024

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வக்கீல் அக்கா மூலமாக வந்தது. பருப்பை அணைக்க நான் திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டேன். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

இங்கே பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறேன். ஒரு பிரஸ்ஸில் புத்தகம் தைக்கிற வேலை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு தடவை வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. கையில் ஒரு பை. பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அந்த இரண்டு நாளும் பிரஸ் பூட்டிய பிறகும் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அவர் என் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட வேண்டும். அது கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போவது ஏன் தெரியுமா? நான் சொல்வதெல்லாம் பொய் என்று அவருடைய வக்கீல் ஒரு காகிதத்தைக் காட்டுகிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில், “குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்ததாக உடன் வந்த மாமியார் கூறினார்” என்று இருக்கிறது. மற்றதையெல்லாம் பார்த்தவர் யாருமில்லை. இது ஒன்றைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அத்தை, வந்து நடந்ததைச் சொல்லுங்கள். என்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள்.

ராஜகுமாரி


பனவடலிசத்திரம்
9.7.2024

ராஜகுமாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருத்து என்று எழுதியிருக்கிறாய். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, ரப்பர் வைத்து அழித்து எழுதுவதற்கு?

என்னைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய். உன் மாமனார் பரமசிவன் செத்தபோது பேச்சிராஜுக்கு ஆறு வயது. பங்காளி ஒருத்தன் நம் புஞ்சையின் எல்லைக்கல்லைப் பிடுங்கி எட்டு அடி உள்ளே நட்டான். நான் ஒருத்தியாகப் பதினோரு வருஷம் வழக்கு நடத்தினேன். எழுத்து வாசனை இல்லாதவள், அந்த வழக்குக் காகிதக் கட்டை விரித்து வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன். நான் முதலில் படித்த வார்த்தை “வாதி”. எதிர்த்தரப்புக்காகத் தலையாரி ஒருவர் கூண்டில் ஏறிக் கல் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்று பொய் சொன்னார். அவர் செத்தபோது ஊரே போனது. நான் துக்கத்துக்குப் போகவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதன் பிறகு பத்து ஊர்க்காரர்கள் எல்லைத் தகராறு என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். செண்பகவல்லி சொன்னால் சொன்னதுதான் என்று பெயர். அப்படிப்பட்டவளை, நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்று கூண்டில் ஏறிச் சொல்லச் சொல்கிறாய். தலையாரிக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் சொல்கிறேன். உன் மாமனார் என்னை அடித்ததில்லையா? இடது காதில் எனக்கு இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அதற்காக நான் கோர்ட்டுக்குப் போனேனா? நான் போனது எல்லைக்கல்லுக்கு.

வாபஸ் வாங்கு. சும்மா வாங்கச் சொல்லவில்லை. வழக்கில் ஜெயித்த அந்தக் கரிசல் இரண்டு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. உன் பெயருக்கு எழுதித் தருகிறேன். சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அதில் மக்காச்சோளம் போட்டாலும் போடு, தரிசாகக் கிடந்தாலும் கிடக்கட்டும். யாரும் உன்னைக் கேட்க முடியாது. நீ விழுந்ததற்கு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

செண்பகவல்லி


பாளையங்கோட்டை
2.8.2024

அத்தைக்கு,

“நீ விழுந்ததற்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடமுமா?

அப்படியானால் நான் எழுதுகிறேன், நீங்கள் படியுங்கள். காலை ஏழரை மணி. வைகாசி மாதம். எனக்கு நாலாவது மாதம். அவருடைய சட்டைப் பையில் இருந்த ஏதோ சீட்டை நான் எடுத்து வைத்த இடம் மறந்துவிட்டது. அதற்குத்தான். முதலில் முடியைப் பிடித்தார். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மிதித்தார். மூன்று தடவை. நீங்கள் அடுப்படி வாசலில் முறத்தோடு நின்றீர்கள். முறத்தில் உளுந்து இருந்தது. முதல் மிதிக்கு, “ஏலே, ஏலே” என்றீர்கள். இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதற்கு உளுந்து தரையில் கொட்டியது. இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு இல்லாமல் போகுமா?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். “என்னம்மா ஆச்சு?” என்று என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அவர் கதவோரம் நின்றார். நான் பயந்துதான் இருந்தேன், ஆனாலும் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, “குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டா” என்றீர்கள். அவள் எழுதிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னது செண்பகவல்லி ஆயிற்றே.

அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு ஏக்கர் எனக்கு வேண்டாம். அதை நீங்கள் பதினோரு வருஷம் போராடி வாங்கினீர்கள். எட்டு அடி நிலத்துக்காக அத்தனை வருஷம் கோர்ட் படி ஏறியவருக்கு, நான் கேட்கிற ஒரு வரி பெரிதாகத் தெரிகிறது.

இனி நீங்கள் சாட்சி சொல்ல நினைத்தால் மட்டும் எழுதுங்கள்.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்
6.11.2024

ராஜகுமாரிக்கு,

எழுதுவது ஷாஹின் பானு. சொல்வது நான். வலது கை மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. ஐப்பசி ஐந்தாம் தேதி நல்ல மழை. முற்றத்தில் பாசி. வழுக்கி விழுந்துவிட்டேன். நீ போன அதே ஆஸ்பத்திரிதான். அதே நர்ஸ்தான். கேட்டாள், சொன்னேன், எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. “என்னட்டி பாக்க? மழைக்காலத்துல மனுசங்க விழ மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

மூன்று மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம். நீ அப்படி எழுதியிருக்கக் கூடாது. உளுந்து கொட்டியதை எழுதியிருக்க வேண்டியதில்லை.

நிலத்து விஷயம் பேச்சிராஜுக்குத் தெரிந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவரே அவனிடம், “என்ன தம்பி, ஒங்க அம்மா நெலத்த மருமவளுக்கு எழுதுதாகளாமே?” என்று டீக்கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார். அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை. நீயாக எதையும் கூட்டிக் கணக்குப் போடாதே.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அவன் வக்கீல் என்னைத் தன் கட்சிச் சாட்சியாகப் போட்டிருக்கிறார். டிசம்பர் மூன்றாம் தேதி வர வேண்டும். நீ வழுக்கித்தான் விழுந்தாய் என்று நான் சொல்ல வேண்டுமாம். வாக்குமூலத்தைத் தட்டச்சு அடித்துக் கொண்டுவந்து, இடது கையால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வாசித்துப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் ஏழு எழுத்துப் பிழை. கூண்டில் ஏறி வாயால் சொல்கிறேன், கையெழுத்து இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

ஆக, நான் வருகிறேன். உன் சாட்சியாக இல்லை, அவன் சாட்சியாக. முன்கூட்டியே உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதச் சொன்னேன். எதிர்க்கட்சிக்கும் நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை.

ஷாஹின் தானாக இரண்டு வரி சேர்த்து எழுதினாள். வாசித்துப் பார்த்து அடித்துவிட்டேன். அடித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காதே.

செண்பகவல்லி


பாளையங்கோட்டை
12.11.2024

அத்தைக்கு,

தூக்கிப் பிடித்துப் படித்தேன்.

ஷாஹின் அக்கா எழுதியிருந்தது இதுதான்: “பொய் சொல்லுதாங்க. அவன் கையைப் பிடிச்சு முறுக்கியிருக்கான். விரல் தடம் நான் பார்த்தேன்.” நீங்கள் ஒரு கோடு போட்டு அடித்திருந்தீர்கள். அப்புறம் அதன் மேல் இன்னொரு கோடு. இடது கையால் போட்ட கோடு என்பதால் இரண்டும் வார்த்தைக்கு வெளியே போய்விட்டன.

நான் இப்போது கேட்பது சாட்சியை இல்லை. கூண்டில் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையைச் சொல்ல நினைத்தால், சொல்லிவிட்டு அன்றைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். அதை மட்டும் கேளுங்கள். வக்கீல் அக்கா அங்கேயே இருப்பார். உங்களைத் தென்காசியில் பெண்களுக்கான சேவை மையத்துக்கு அழைத்துப் போவார். அங்கே தங்கலாம், காவல் உண்டு, வைத்தியம் உண்டு. 181 என்று மூன்று எண்களை அழுத்தினால் எந்த நேரமும் எடுப்பார்கள். ஷாஹின் அக்கா கடை போனிலிருந்துகூடப் பேசலாம்.

நான் அன்றைக்கு வர மாட்டேன். போன வாய்தாவில் கோர்ட் வாசலில் அவர் என் பக்கத்தில் வந்து, “ஒரு நாளைக்கு ஒத்தையில மாட்டுவட்டி” என்றார். அதனால் தேவையில்லாத நாளில் வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஐந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவர் உங்களையும் அடிப்பார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் நீங்கள் எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கிறீர்கள்?

ராஜகுமாரி


சங்கரன்கோவில்
5.12.2024

ராஜகுமாரிக்கு,

இதையும் ஷாஹின்தான் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். பேச்சிராஜ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு எனக்கு எதிரே நின்றான். அவன் வக்கீல், சின்ன வயசுக்காரர், என்னிடம் கேட்டார்.

“அம்மா, அன்னிக்கு ஒங்க மருமக குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்தது உண்மைதானே?”

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆமாம் என்று சொல்வதாகத்தான் நினைத்து வந்தேன். பொய் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில், குளிக்கிற இடம், வழுக்கி என்று இரண்டு வார்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, எனக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. நம் வீட்டுக் குளிக்கிற கல் எப்படி இருந்தது என்று தெரிந்தது. எல்லைத் தகராறுக்குக் கூப்பிட்டால் நான் முதலில் இடத்தைத்தான் பார்ப்பேன். ஆள் சொல்வதை அப்புறம்தான் கேட்பேன்.

“அது வைகாசி மாசம் வே” என்றேன். “வைகாசியில எங்க ஊருல வழுக்குததுக்கு எங்கன தண்ணி இருக்கு?”

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. “வக்கீலை அப்படிக் கூப்பிடக் கூடாதும்மா. விவரமாச் சொல்லுங்க” என்றார்.

“அந்த வருசம் கெணறு வத்திப் போச்சும்மா. ஒம்பது நாளைக்கு ஒருக்க லாரி வரும். வீட்டுக்கு நாலு கொடம். அதக் குடிப்பமா, குளிப்பமா? ஆட்டுக்கு வைப்பமா? அன்னிக்கு லாரி வந்து ஏழு நாளு. குளிக்கிற கல்லு காஞ்சு, பொடி பறந்து கெடந்துச்சு. அதுல நின்னு யாரும் வழுக்க முடியாது.”

“அப்போ ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று நீதிபதி அம்மாவே கேட்டார்.

“பொய் சொன்னேன்.”

“உண்மையில் என்ன நடந்தது?”

“எம் மவன் மிதிச்சான். மூணு மிதி. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

மகன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் வக்கீல் எழுந்து, இது பிறழ் சாட்சி, அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பெறண்டது அன்னிக்கு. இன்னிக்குத்தான் நேராச் சொல்லுதேன். அத எழுதச் சொல்லுங்க” என்றேன். அது எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன். முடிந்தால் உன் வக்கீலைக் கேட்டுச் சொல்.

அதன் பிறகு ஞானதீபம் எழுந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “கை என்னாச்சும்மா?” என்று கேட்டார். அவர் எங்கே வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

“இது ஐப்பசி. மழை பெஞ்சுது. இது வழுக்குனதுதான்” என்றேன்.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். “யோசிச்சுத்தான் சொல்லுதேன். இது இந்த வழக்குல இல்ல” என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

உன் வழக்கில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். என்னைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. தென்காசிக்குப் போக மாட்டேன் என்று உன் வக்கீலிடம் சொன்னேன். அந்த வீடு என் பெயரில் இருக்கிறது. தீர்வை நான் கட்டுகிறேன். நான் ஏன் போக வேண்டும்?

அவன் பைக்கில் முன்னால் போய்விட்டான். நான் பஸ்ஸில் போனேன். வீடு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு நாளாகத் தொழுவத்தில் இருக்கிறேன். ஆடுகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒருத்தரும் பேசுவதில்லை. பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். சொல்லட்டும்.

உளுந்து கொட்டியதைக் கோர்ட்டில் சொல்லவில்லை. அது கேட்கப்படவில்லை.

செண்பகவல்லி


பாளையங்கோட்டை
20.1.2025

அத்தைக்கு,

உத்தரவு வந்துவிட்டது. அவர் என் விடுதிக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரக் கூடாது. ஆள் அனுப்பக் கூடாது, போன் செய்யக் கூடாது. மீறினால் கைது செய்யலாம். ஒன்பதாவது பக்கத்தில் உங்கள் சாட்சியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தன் மகனுக்கு எதிராகவும் தனக்கே அவமானமாகவும் சொல்லப்பட்டதால் அதை நம்ப வேண்டியிருக்கிறது என்று இருக்கிறது. பிரஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். கூட வேலை செய்பவள், “ஏன் அழுவுத, தோத்துட்டியா?” என்று கேட்டாள்.

நேற்று முதல் தடவையாகத் தனியாகக் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் போனேன்.

உங்களுக்கு நன்றி என்று எழுதினால் நீங்கள் ஏசுவீர்கள். எழுதவில்லை.

இனி நான் சொல்லப் போவதற்கும் ஏசுவீர்கள். ஷாஹின் அக்கா போன் செய்தாள். பொங்கலுக்கு மறுநாள் நீங்கள் கடைக்கு வந்தீர்களாம். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தீர்களாம். வெயில் நேரத்தில் ஏன் துண்டு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். அத்தை, பொங்கலுக்குக்கூட மழை இல்லை. இந்தத் தடவை எங்கே வழுக்கினீர்கள்?

வக்கீல் அக்கா சட்டப் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னார். இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற தாய்க்கும் உண்டு. மகன் மேல் தாய் மனுப் போடலாம். வீட்டை விட்டுப் போக வேண்டியது அவள் இல்லை, அவனை வெளியே போகச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடலாம். நீங்கள் கேட்டீர்களே, நான் ஏன் போக வேண்டும் என்று. சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

நீங்கள் மனுப் போட மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பெண் அடிபடுகிறாள் என்று நம்புகிற யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். அவளுடைய சம்மதம் கேட்க வேண்டியதில்லை. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்காமல் எனக்காக நீங்கள் பேசினீர்கள். இப்போது உங்களைக் கேட்காமல் உங்களுக்காக நான் பேசியிருக்கிறேன்.

ராஜகுமாரி


பனவடலிசத்திரம்
8.2.2025

ராஜகுமாரிக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நீ செய்தது பெரிய தப்பு. என்னைக் கேட்டிருக்க வேண்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன், வாயும் இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

பாதுகாப்பு அலுவலர் நேற்று வந்தாள். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கூட ஒரு பெண் போலீஸ். நல்லவேளை, பேச்சிராஜ் கழுகுமலைப் பக்கம் கிடாய் பார்க்கப் போயிருந்தான். நான் தொழுவத்தில் புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தேன். யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன். “ஒங்களத்தான்மா” என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, போங்கள் என்றேன். போகவில்லை. ஆட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். சேலை அழுக்காகும் என்றேன். பரவாயில்லை என்றாள்.

“ஒங்க மருமக தகவல் கொடுத்திருக்காங்க. நீங்க விருப்பப்பட்டாச் சொல்லுங்க. இல்லன்னா அதையும் எழுதிக்கிட்டுப் போறேன். ஆனா மறுபடியும் வருவேன்” என்றாள்.

“எத்தன தடவ வருவ?”

“நீங்க ஏசி வெரட்டுத வரைக்கும்.”

“ஏசியாச்சே இப்ப.”

“அப்ப இன்னொருக்க வருவேன்.”

இப்படிப்பட்டவர்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை.

அவள் நோட்டு எனக்கு எதிர்ப்பக்கமாக விரிந்து கிடந்தது. எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும். வக்கீல் குமாஸ்தா மேசைக்கு எதிரே நின்று நின்றே பாதி எழுத்தைக் கற்றவள் நான். அந்தப் பக்கத்தில் பெயர், ஊர், உறவு என்று கோடு போட்டிருந்தாள். உறவு என்ற இடத்தில் மனைவி, மனைவி, தாய், மனைவி, தாய், தாய் என்று இருந்தது. பெயர்களை அவள் கையால் மறைத்திருந்தாள். உறவை மறைக்கவில்லை. ஆறு பேரில் மூன்று பேர். எந்தெந்த ஊரோ. நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்து இத்தனை காலம் இருந்துவிட்டேன். எல்லாருக்கும் மறைத்ததுபோக, ஒருத்திக்கு ஒருத்தியும் மறைத்திருக்கிறோம்.

கழுத்துத் துண்டை எடுத்தேன். போலீஸ்காரப் பெண் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கிருந்து சொல்ல என்று கேட்டேன். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றாள். உன் மாமனாரிடமிருந்து தொடங்கினேன். அது இதில் வராதும்மா, செத்துப்போனவர் மேல் வழக்கு இல்லை என்றாள். வராவிட்டாலும் கேள் என்றேன். கேட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். அப்புறம் மகனுக்கு வந்தேன். பேனாவைத் திறந்தாள். அவனுக்குப் பதினாறு வயதில் தொடங்கியது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வந்த பிறகு எனக்கு அடி குறைந்தது. உன்மேல் விழுந்ததால் குறைந்தது. முறத்தோடு நான் நின்றதை நீ எழுதியிருந்தாயே, ஏன் அப்படி நின்றேன் என்பதற்கு இதுதான் பதில். இதைச் சொல்வதற்கு உன் முகத்துக்கு நேரே எனக்குத் தைரியம் கிடையாது. காகிதத்தில் எழுதிவிட்டேன். இனி நான் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். “தகராறு செய்தார்” என்று எழுதியிருந்தாள். தகராறு இருவர் செய்வது, அடித்தான் என்று எழுது என்றேன். திருத்தினாள்.

கடைசியாக, எதிர்மனுதாரர் பெயர் என்ன என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். உன் வழக்கிலேயே இருக்கிறது. ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்பது முறையாம். தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று தடவை சொல்லிக் கூப்பிட்ட பெயர் அது.

பேச்சிராஜ் என்றேன். எங்கள் தெருவில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், பழி அவர்கள்மேல் போய்விடக் கூடாது. அதனால் தகப்பன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

செண்பகவல்லி